பனியாற்றில் வெறுங்கால்

அந்த மலைப் பயணத்தில் நான் அதிக நேரம் பார்த்தது என் கணவரின் பாதங்களைத்தான். பகலெல்லாம் முன்னால் போகிறவரின் குதிகாலைப் பார்த்தபடி ஏறுவேன். சாயங்காலம் கூடாரத்துக்குள் அதே கால்களை மடியில் தூக்கி வைத்து, டார்ச் அடித்து, விரல் விரலாகப் பிரித்துப் பார்ப்பேன். பர்மாவின் வடகோடியில், மேகம் நமக்குக் கீழே கிடக்கும் இடங்களில் எல்லாம் நின்றுவிட்டு வந்தவள் நான். அங்கே என்ன பார்த்தாய் என்று யாராவது கேட்டால், சுண்டுவிரல் நகத்தின் ஓரத்தில் இருந்த ஒரு கீறல்தான் முதலில் ஞாபகம் வருகிறது.

எல்லாம் சர்க்கரை வியாதி செய்த வேலை. இவருக்கு அது வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ரங்கூனில் எங்கள் வீடு இருக்கும் பசுந்தாங் பேட்டையில் நாங்கள் வழக்கமாகப் போகும் டாக்டரம்மா, "முதலில் கெடுவது கால்தான். வீட்டுக்குள்ளேகூடச் செருப்போடு இருக்கட்டும். தினமும் பாதத்தைப் பாருங்கள், சின்னக் காயம்கூட விடக்கூடாது" என்றார். என்னிடம்தான் சொன்னார். இவர் அந்த நேரத்தில் டாக்டரம்மாவின் மேசையோரம் இருந்த மீன் தொட்டியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். வியாதி அவருக்கு, வைத்தியம் எனக்கு என்று எங்கள் வீட்டில் எப்போதோ பாகம் பிரித்தாகிவிட்டது.

ரங்கூனில் ஒரு ஆளைப் பார்த்து வெறுங்காலோடு நடக்காதே என்று சொல்வது லேசான காரியமா? புத்தர் கோயிலா, படி ஆரம்பிக்கும் இடத்திலேயே செருப்பைக் கழற்று. நம் கோயிலா, கழற்று. பக்கத்து வீட்டில் ஒரு கிண்ணம் குழம்பு கொடுக்கப் போனாலும் வாசலில் கழற்று. இந்த ஊரில் பாதி வாழ்க்கை வெறுங்காலில்தான் நடக்கிறது. இவருக்கு அதற்கு மேலும் ஒன்று இருந்தது. வருஷா வருஷம் பாலத்துக்கு அந்தப் பக்கம் தாகேதாவில் எங்கள் அம்மன் கோயில் திருவிழாவில் தீ மிதிப்பார்.

தீ என்று நாங்கள் சொல்வதில்லை. பூ மிதிப்பது என்றுதான் சொல்வோம். நெருப்பைத் தாண்டி வந்து பால் குழியில் நிற்கிறவரிடம், எப்படி இருந்தது என்று யாராவது கேட்பார்கள். "பூ மாதிரி இருந்துச்சு" என்று சொல்ல வேண்டும். வேறு பதில் கிடையாது. மற்றவர்கள் ஓட்டமும் நடையுமாகத் தாண்டுவார்கள். இவரோ கடைத்தெருவில் கத்தரிக்காய் பார்க்கிற மாதிரி நிதானமாக நடந்து வருவார். இவர் காலை ஆத்தாவே தாங்குகிறாள் என்று கோயிலில் இவருக்குத் தனி மரியாதை. டாக்டரம்மா சொன்னதை நான் எடுத்துச் சொன்னால், "நெருப்பே ஒண்ணும் செய்யல. வீட்டுத் தரை என்ன செஞ்சிடப் போவுது? யாடெ, யாடெ" என்பார். யாடெ என்றால் பர்மியத்தில் பரவாயில்லை என்று அர்த்தம். அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவன் என் கையில் கிடைத்தால் விட மாட்டேன்.

இவர் ஐராவதி ஆற்றில் ஓடும் கப்பல்களில் இயந்திர அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அப்பாவும் தாத்தாவும் துறைமுகத்துக்காரர்கள். வாழ்நாள் முழுக்க அந்தச் செம்மண் தண்ணீரிலேயே கிடந்ததால், ஓய்வு பெற்றதும் ஒரு ஆசை பிடித்துக்கொண்டது. இந்தத் தண்ணீர் அழுக்காவதற்கு முன்னால் இருக்கும் இடத்தை, பனிக்கட்டியிலிருந்து ஆறு புறப்படும் இடத்தைப் பார்க்க வேண்டும். மலை ஏறும் இளவட்டங்கள் சிலர் குளிர்காலத்தில் வடக்கே போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவர்களோடு பேசி, என்னைக் கேட்காமலே பெயரும் கொடுத்துவிட்டு வந்தார்.

நான் மூன்று வேளை சமைக்காமல் இருந்தேன். பிறகு ஒரு பேரம் பேசினேன். இனிமேல் பூ மிதிக்கக் கூடாது. அப்படியென்றால் மலைக்கு நானும் கூட வருகிறேன். பூட்ஸ் காலை விட்டு இறங்கக் கூடாது, கூடாரத்துக்குள் தவிர. தினமும் காலைக் காட்ட வேண்டும். போன கால் இரண்டும் முழுசாகத் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. இவர் சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தார். அந்த வருஷம் திருவிழாவில் இவர் கூட்டத்தோடு நின்று பார்த்தார். கோயிலில் பெண்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் கண்டுகொள்ளவில்லை.

பயிற்சி என்று ஒன்று நடந்தது. முதுகுப் பையில் அரிசி மூட்டையைப் போட்டுக்கொண்டு, பசுந்தாங்கிலிருந்து பாலம் ஏறி தாகேதா போய்த் திரும்புவோம். நான் பிளவுஸ் தைத்துக் கொடுக்கும் வீடுகள் எல்லாம் அந்த வழியில்தான். "என்னக்கா, பஸ் ஓடலையா?" என்று ஒருத்தி கேட்டாள். "ரெண்டு பேரும் கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டுப் போறீங்களா? ஒரே திசையில போறீங்களே" என்றாள் இன்னொருத்தி. பபேடான் கடைத்தெருவில் அலைந்து பூட்ஸ் வாங்கினோம். இரண்டு காலுறை போட இடம் இருக்கிற மாதிரி ஒரு அளவு பெரிதாகப் பார்த்து வாங்கினேன். எனக்கு வாங்கியதைவிட இவருடையதை உள்ளே கைவிட்டுத் தடவித் தடவிப் பார்த்தேன். கடைக்காரர், "காலுக்கா, கைக்கா?" என்று கேட்டார்.

அது கொரோனா வருவதற்கு முந்தைய குளிர்காலம். அங்கே நடக்கிற சண்டையில் இன்றைக்கு நினைத்தாலும் அந்தப் பக்கம் போக முடியாது. அப்போது விமானத்தில் வடக்கே கடைசி ஊரான பூட்டாவோ வரை போய், அங்கிருந்து வண்டி போகும் தூரம் போய், பிறகு நடக்கத் தொடங்கினோம். எங்கள் கூட்டத்துக்கு ஒரு தலைவி. முப்பது வயதுக்குள் இருக்கும் பர்மியப் பெண், வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுவாள். மற்றவர்கள் கல்லூரி முடித்த பிள்ளைகள். வழிகாட்ட அந்த ஊர்க்காரர் ஒருவர், சாமான் சுமக்க அவருடைய சொந்தக்காரர்கள். பிள்ளைகள் இவரை ஊலே என்றும் என்னை டோலே என்றும் கூப்பிட்டார்கள். சித்தப்பா, சித்தி மாதிரி. பின்னால் வரும் எங்களுக்காகக் காத்து நிற்கும்போதெல்லாம் அந்த மரியாதை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்ததையும் கவனித்தேன்.

நடை. அதைப் பற்றி என்ன சொல்ல? ஏற வேண்டும், ஏறியதை எல்லாம் இறங்க வேண்டும், இறங்கியதும் அதே உயரம் மறுபடி ஏற வேண்டும். இந்த மலைகளை வெட்டிப் போட்டவருக்கு மனிதர் முட்டியைப் பற்றி ஒரு யோசனையும் இருந்திருக்காது. காட்டுக்குள் வெளிச்சம் பச்சையாக இருந்தது. மரத்தில் பாசி, பாசி மேல் செடி, செடி மேல் தண்ணீர். அட்டைகள் இலை நுனியில் எழுந்து நின்று எங்களை எதிர்பார்த்துக்கொண்டிருந்தன. பிரம்புக் கயிற்றில் தொங்கும் பாலங்களில் கீழே பார்க்காதீர்கள் என்றார்கள். பலகை எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று கீழே பார்த்தால்தானே தெரியும்? நான் பார்த்தேன். தண்ணீர் பச்சைக் கண்ணாடி மாதிரி இருந்தது. இவர் பாலத்தின் நடுவில் நின்று, "இந்தாம்மா, இதுதான் நம்ம தண்ணி. நம்ம வீட்டுக்குத்தான் போவுது" என்று என்னிடம் கத்தினார். பாலம் ஆடியது. நான் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

வழியில் சின்னச் சின்ன ஊர்கள். மரக்கால்களில் நிற்கும் வீடுகள், ஒவ்வொரு ஊருக்கும் ஒரு மாதா கோயில், நடுவீட்டில் அணையாத அடுப்பு. அந்தப் புகையில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுவிட்டு, மூலையில் இவர் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வேன். வீட்டுக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். கணவன் காலை மனைவி இவ்வளவு நேரம் பார்ப்பது எங்கள் சாதி வழக்கம் என்று அந்த மலைகளில் யாராவது இன்னமும் நம்பிக்கொண்டிருக்கலாம்.

"வலிக்குதா?" என்று கேட்பேன்.

"ஒண்ணும் இல்ல. உனக்கு எப்படி இருக்கு?"

எனக்கு இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்து, காலுறையோடு ஒட்டிக்கொண்டு, கழற்றும்போது உயிர் போய் வந்தது. பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. பிள்ளைகள் எல்லாரும் கொப்புளத்துக்கு ஊசி குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இவர் மட்டும் யாடெ, யாடெ என்று சிரித்துக்கொண்டு, வெற்றிலை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, நாள் முழுக்கக் கப்பல் கதை சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு சின்ன முணுமுணுப்புகூட இல்லை. தலைவி பிள்ளைகளைப் பார்த்து, "ஊலேயைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்" என்றாள். உள்ளுக்குள் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வெளியே காட்டவில்லை, காட்டினால் இன்னும் ஒரு மலை ஏறலாம் என்பார்.

உயரம் ஏற ஏற மரங்கள் குள்ளமாகி, பிறகு மூங்கிலாகி, பிறகு கல்லாகிவிட்டன. ஒரு சாயங்காலம் தலைவி, "நாளைக்கு ஹ்னின் இருக்கும்" என்றாள். ரங்கூனில் ஹ்னின் என்றால் குளிர்கால விடியலில் பசுந்தாங் ஓடை மேல் புகை மாதிரிப் படுத்திருக்குமே, அது. தமிழில் சொல்லிப் பார்த்தேன். பனி. அதுவும் அதேதான். பனியில் நிற்காதே, சளி பிடிக்கும் என்று சொல்லித்தானே எல்லாரும் வளர்ந்தோம். துணிகளைக் கூடாரத்துக்கு வெளியே கொடியில் விட்டுவிட்டுப் படுத்தேன். விடிந்தபோது கூடாரத்தின் துணி தாழ்ந்து வந்து மூக்கில் இடித்தது. வெளியே என் பாவாடை கதவுப் பலகை மாதிரி விறைத்து நின்றது. இரண்டு மொழி தெரியும் என்று பேர், இரண்டிலும் மூடுபனிக்கும் கொட்டுகிற பனிக்கும் ஒரே வார்த்தை. இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக நான் இவரைப் பார்த்ததில்லை. களைப்பில் எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்த்ததில் வந்தது வரட்டும் என்று ஒரு நிம்மதி வந்தது.

பனியாற்றுக்குப் போய்ச் சேர்ந்த நாளில் வெயில் இருந்தது. பனியாறு என்றதும் வெள்ளி மாதிரி எதையோ எதிர்பார்த்திருந்தேன். பல மாதம் சுத்தம் செய்யாத ஐஸ் பெட்டியின் உட்சுவர் மாதிரிதான் இருந்தது. சாம்பல் நிறம், மேலெல்லாம் கல்லும் மண்ணும். பக்கத்தில் போகப் போகத்தான் அதன் உடம்பு எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. வெடிப்புகளுக்குள் நீலமாக இருந்தது. எங்கேயோ உள்ளே மரக்கதவு திறக்கிற மாதிரி முனகியது. அடியிலிருந்து தண்ணீர், ஒரு தாம்பாளத்தில் பிடித்துவிடக்கூடிய அளவு தண்ணீர், கல்லுக்கு நடுவே வழிந்து ஓடியது. வழிகாட்டி, ஓரத்தில் தட்டையாக இருக்கும் இடம் வரைக்கும் போகலாம், அதற்கு மேல் கூடாது என்றார்.

இவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு ஒரு கல்லில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

நான் கொஞ்சம் பின்னால், மூச்சு வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். "என்னங்க! என்ன பண்றீங்க?" என்று கத்தினேன்.

"பூட்ஸோடயா ஏறச் சொல்ற? தாய் மாதிரி. தலை இது, ஆத்தோட தலை" என்றார். சொன்ன விதத்தில் ஒரு பிடிவாதமும் இல்லை. கோயில் வாசலில் செருப்பை விடுகிற ஆளின் சாதாரணக் குரல்தான்.

அதுதான் வினை. ரங்கூனிலிருந்து வந்த ஒருவருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. வழிகாட்டி மட்டும், "வேண்டாம், போடுங்கள், போடுங்கள்" என்று பதறினார். எங்கள் பிள்ளைகள் கைகூப்பி நின்றார்கள். எல்லாரும் பிறந்ததிலிருந்து புனிதமான இடத்தில் வெறுங்காலோடு நின்று பழகியவர்கள்தானே. ஒரு பெண் தானும் பூட்ஸைக் கழற்றிப் பனிக்கட்டியில் கால் வைத்தாள். வைத்த வேகத்தில் "அமலே!" என்று பர்மியத்தில் அம்மாவைக் கூப்பிட்டு அலறிக்கொண்டு துள்ளி, யார் மடியிலோ போய் விழுந்தாள். எல்லாரும் சிரித்தார்கள். இன்னொரு பையன் வைத்தான், மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான், அவனும் ஓடினான். பாதம் பழுக்கச் சிவந்துவிட்டது.

இவர் நடந்து போனார். கத்தரிக்காய் பார்க்கிற அதே நடை. பனிக்கட்டியின் மேல் கூர்க்கூராகக் கல் துருத்திக்கொண்டிருந்தது, அதன் மேலேயே நடந்தார். நடுவில் நின்று கிழக்கே பார்த்துக் கும்பிட்டார். பிள்ளைகள் சாது, சாது என்று சொன்னார்கள். பர்மியர்கள் புண்ணியத்தைப் பார்த்தால் சொல்வது அது. தலைவிகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆத்தா இருக்கா" என்று இவர் என்னைப் பார்த்துச் சொன்னார். "அங்க சுடல. இங்க குளிரல."

அந்தச் சொல் காதில் விழுந்தும் எனக்கு உடனே உறைக்கவில்லை. எனக்குக் கோபம், மூச்சு முட்டல், இரண்டும்தான் இருந்தது. பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு இவர் பின்னால் போனேன். வழியில் பனிக்கட்டி மேல் சிவப்பாக ஒரு கறை. கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. ரங்கூனில் எந்தச் சுவரைப் பார்த்தாலும், எந்த மாடிப்படியைப் பார்த்தாலும் இருக்கிற சிவப்புதான் அது. "தாய், தலைன்னு செருப்பைக் கழட்டிட்டு, அது மேலயே வெத்தில எச்சியைத் துப்பி வைக்கிறீங்களா? உங்களுக்கு வெக்கமா இல்ல?" என்று கத்தினேன்.

"நான் எங்க துப்புனேன்? காலையில இருந்து வெத்திலயே போடலயே" என்றார். வாயைத் திறந்தும் காட்டினார். நாக்கு வெளுத்திருந்தது.

நான் குனிந்து பார்த்தேன். இவர் வந்த வழியெல்லாம் இருந்தது. கறைகள் பெரிதாகிக்கொண்டே வந்து, இவர் நின்ற இடத்தில் முடிந்தன. இடது பாதத்துக்குக் கீழே பனிக்கட்டி ரோஜாப்பூ சர்பத் மாதிரி நிறம் மாறிக்கொண்டிருந்தது. காலைத் தூக்குங்கள் என்றேன். தூக்கினார். பெருவிரலுக்கு அடியில் ஆழமாகக் கிழிந்து தொங்கியது. ஒரு கல் துண்டு உள்ளேயே இருந்தது. அதை வைத்து அழுத்தித்தான் இவ்வளவு நேரம் நின்றிருக்கிறார்.

"அட, எப்ப பட்டுச்சு?" என்று கேட்டார், வேறு யாருடைய காலையோ பார்க்கிற மாதிரி.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வழியெல்லாம் ஒரு கொப்புளமும் வலிக்காத கால். அட்டை கடித்ததை நான் சொல்லித் தெரிந்துகொண்ட கால். நான் அந்தப் பனிக்கட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பிய வழியைப் பற்றி நினைத்தால் இப்போதும் உடம்பு கனக்கிறது. தலைவி காயத்தைக் கழுவிக் கட்டினாள், கையில் இருந்த மாத்திரைகளைக் கொடுத்தாள். குளிரில் வெளுத்துப்போன விரல்கள் இரண்டு நிறம் திரும்பவே இல்லை. முதலில் ஊன்றி நடந்தார். வலிக்கவில்லை என்பதால் நடப்பதில் அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை, அதுதான் கொடுமை. பிறகு காய்ச்சல் வந்தது. மூங்கில் வெட்டி நாற்காலி மாதிரி கட்டி, முறை வைத்துத் தூக்கினார்கள். சுமக்கிறவர்கள் சறுக்கும் இடங்களில் இவர், "இறக்கி விடுங்கப்பா, நான் நடக்கிறேன்" என்று மன்றாடுவார். நான் பின்னால் வந்தேன். போகும்போது பார்த்த அதே பாலங்கள், அதே மரங்கள். எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கட்டுக்குள்ளிருந்து வர ஆரம்பித்த வாடையைத்தான் முகர்ந்துகொண்டு வந்தேன். ஏறும்போது பட்ட களைப்பு எல்லாம் களைப்பே இல்லை என்று அப்போது தெரிந்தது.

ரங்கூன் ஆஸ்பத்திரியில் பெருவிரலையும் அடுத்த விரலையும் எடுத்தார்கள். மிச்சம் பிழைத்தது.

வீட்டுக்கு வந்த பிறகு பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே தீர்ப்பைச் சொன்னார்கள். இத்தனை வருஷம் பூ மிதித்த ஆளை மிதிக்க விடாமல் தடுத்தால் ஆத்தா சும்மா இருப்பாளா? நேரே என்னிடம் சொல்லவில்லை. நான் டீ போடப் போகும் நேரம் பார்த்து, எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்கள். டீயைக் கொண்டுவந்து வைத்தேன். இவர் எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கும் அந்தத் தீர்ப்புதான் மனசில் இருந்திருக்க வேண்டும். வருகிற திருவிழாவில் ஒரு காலால் நடந்தாவது மிதிப்பேன் என்று ஒருவரிடம் சொன்னதையும் கேட்டேன்.

புண் ஆற ஆரம்பித்ததும் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். அவர் இவரைப் படுக்க வைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். நைலான் நூல் மாதிரி ஒன்றை எடுத்தார். "இதால் பாதத்தைத் தொடுவேன். தொடும்போதெல்லாம் ஆமாம் என்று சொல்லுங்கள்" என்றார். இவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கவனமாகக் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டரம்மா இடது பாதத்தில் குதிகால், நடு, ஓரம் என்று நூல் வளையும் அளவுக்கு அழுத்தினார். பிறகு வலது பாதம். பிறகு நூலை வைத்துவிட்டுப் பேனாவின் முனையால் அழுத்தினார். நான் பக்கத்தில் நின்று, சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அறையில் மீன் தொட்டியின் சத்தம் மட்டும் கேட்டது.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கண்ணைத் திறக்காமலே இவர் மரியாதையாகக் கேட்டார்: "எப்போது ஆரம்பிப்பீர்கள், டாக்டர்?"

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். இது நேற்று வந்த மரப்பு இல்லை, பல வருஷமாக இருக்க வேண்டும் என்று மெதுவாக விளக்கினார். நெருப்பா, பனியா, முள்ளா, எதுவும் இந்தக் கால்களுக்குத் தெரியாது என்றார். இவர் இந்த முறை மீன் தொட்டியைப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மாடிப்படியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். ஜன்னலோரத்தில் உட்கார வைத்து, கட்டு மாற்றுவதற்காகக் கீழே உட்கார்ந்து காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"முதல் சில வருசம் சுட்டுச்சு" என்றார், வெளியே பார்த்துக்கொண்டே.

"எது?"

"பூ. பயங்கரமா சுட்டுச்சு. ராத்திரியெல்லாம் தூங்க மாட்டேன். உன்கிட்டகூடச் சொல்லல. எல்லாரும் பூ மாதிரின்னு சொல்றாங்க, நமக்கு மட்டும் சுடுதே, நமக்குப் பக்தி பத்தலன்னு வெக்கமா இருந்துச்சு. நானும் பூ மாதிரின்னே சொல்லிட்டு, ஒவ்வொரு வருசமும் பயந்துக்கிட்டேதான் போவேன். அப்புறம் ஒரு வருசம் சுடல."

அந்த வருஷம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தன் அப்பா செத்தபோதுகூட அழாத மனுஷன், குழியைத் தாண்டி வந்து கொடிமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். ஆத்தா என்னை ஏத்துக்கிட்டா, ஏத்துக்கிட்டா என்று அதையே சொன்னார். நானும் அழுதேன். மறுநாள் பெரிய பானையில் சர்க்கரைப் பொங்கல் வைத்து, எங்கள் கட்டிடத்தில் மாடி மாடியாக ஏறிக் கொடுத்தோம். தமிழர், பர்மியர், சீனர் என்று ஒரு வீடு விடவில்லை.

"அன்னிக்குத்தான் கால் போயிருக்கு" என்றார் இவர். "நாம பொங்கல் வச்சோம்."

சுட்ட வருஷங்களில் பயந்துகொண்டே நடந்தீர்களே, அதைவிட என்ன பக்தி வேண்டும் என்று மனசுக்குள் சொன்னேன். இரண்டு கையாலும் அந்தப் பாதத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதேன். இவர் ஜன்னல் வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிடித்திருப்பது அவருக்குத் தெரியவில்லை.